நூலகரைப் பற்றி எழுதாதே

விடுதி,
ஜூலை 6

அன்புள்ள பிரதருக்கு,

நான் நலம். நீங்களும் வாலுவும் நலம்தானே. போனை எடுத்தால் "சாப்பிட்டியா"வில் தொடங்கி சண்டையில் முடிகிறது, பேசாமல் எழுதிக்கொள்வோம் என்று நீங்கள் சொன்னபோது சிரித்தேன். இப்போது யோசித்தால் சரிதான். தபால்பெட்டி வரை நடப்பதற்குள் கோபம் பாதி ஆறிவிடுகிறது.

அறை பரவாயில்லை. கூட இருக்கும் பெண் என்னைவிட ரொம்பச் சின்னவள். "அக்கா, நீங்க குறட்டை விடுறீங்க" என்று முதல் வாரமே சொல்லிவிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷமாக நீங்கள் மறைத்த விஷயம்.

என் ஆராய்ச்சித் தலைப்பு முடிவாகிவிட்டது. பேச முடியாத நோயாளிக்கு வலி இருக்கிறதா என்று நர்ஸ் எப்படி அறிவது. உங்கள் ஐசியுவில் வாயில் குழாயோடு கிடப்பவர்களைப் பற்றித்தான். எழுதிக் கொடுத்ததும் என் கைடு மேடம், "இதைப் பத்தி இதுவரைக்கும் யார் என்ன எழுதியிருக்காங்கன்னு தேடிட்டு வாங்க" என்று அனுப்பினார். நான் போனில் தேடி, மருந்துக் கம்பெனி விளம்பரத்தையும் யாரோ எழுதிய மூட்டுவலிக் குறிப்பையும் அச்செடுத்துக் கொண்டுபோய் நீட்டினேன். மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நம் சார்ஜ் சிஸ்டர் பார்ப்பாரே, அதே பார்வை.

அப்புறம்தான் கல்லூரி நூலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு நூலகர் இருக்கிறார். என் தலைப்பைக் கேட்டுவிட்டு, "முழுக் கேள்வியையும் அப்படியே போட்டா எதுவும் சிக்காது. காய் நறுக்குற மாதிரி நறுக்குங்க" என்றார். வலி ஒரு துண்டு, பேச முடியாதவர் ஒரு துண்டு, ஐசியு ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் உலகத்தில் வேறு என்னென்ன பெயர் உண்டோ அத்தனையையும் எழுத வைத்தார். பிறகு நர்சிங் கட்டுரைகளுக்கென்றே உள்ள டேட்டாபேஸைத் திறந்து, அந்தத் துறை ஆட்களே படித்துச் சரிபார்த்த கட்டுரைகள் மட்டும் வரும்படி செய்தார். மலை மாதிரி இருந்தது ஒரு கைப்பிடி ஆனது. என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

வாலு பல் தேய்க்கிறாளா? இந்த நர்சிங் மேல்படிப்புக்கு உங்களுக்கும் அடுத்த வருஷம் இடம் கிடைக்கும், மனதைத் தளர விடாதீர்கள்.

உங்கள்
சிஸ்டர்


வீடு,
ஜூலை 15

அன்பு சிஸ்டருக்கு,

கடிதம் வந்தது. வாலு பல் தேய்க்கிறாள், பற்பசையைத் தின்னவும் செய்கிறாள். அக்கா தினமும் தையல் கடையை மூடிவிட்டு வந்து அவளுக்குத் தலை பின்னிவிடுகிறாள். "ஆஸ்பத்திரியில பிரதர், சிஸ்டர்னு கூப்பிடுறது சரி. அதையே லெட்டர்லயும் எழுதிக்கிறீங்களே, தபால்காரன் என்னடா நினைப்பான்" என்று கேட்கிறாள். சிஸ்டர் என்று கூப்பிட்டு அவளையே கட்டிக்கொண்டவன் நான் ஒருத்தன்தான் என்று ஊரே சிரித்து ஓய்ந்த பிறகு இவளுக்கு இப்போதுதான் உறைக்கிறது.

ஐசியுவில் படுக்கை காலியாவதே இல்லை. உன் வேலைக்கு வந்திருக்கும் பெண் நல்ல பெண்தான், ஆனால் டிரிப் ஏற்றும்போது பாட்டு முணுமுணுக்கிறாள்.

உன் கடிதத்தை வாலுவுக்குப் படித்துக் காட்டினேன். "அப்பா, நூலகர்னா யாரு?" என்று கேட்டாள். புத்தகம் எடுத்துக் கொடுப்பவர் என்றேன். "அம்மா அவரைப் பத்தி நிறைய எழுதியிருக்காங்க, என்னைப் பத்தி ஒரு வரிதான்" என்றாள். குழந்தை சொன்னது. நான் சொல்லவில்லை.

இன்னொன்று. வலி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நூலகம் எதற்கு? நெற்றியைப் பார்த்தால் தெரிந்துவிடும். எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன். என்னைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். காய் நறுக்கவும் வேண்டாம், கண்ணீர் விடவும் வேண்டாம்.

உன்
பிரதர்


விடுதி,
ஜூலை 28

அன்புள்ள பிரதருக்கு,

வாலு பேரைச் சொல்லி நீங்கள் பேசுவது எனக்குத் தெரியாதா? அவளுக்குத் தனியாக ஒரு கடிதம், யானை படத்தோடு, இதே உறையில் இருக்கிறது. அவளே பிரிக்கட்டும்.

நெற்றியைப் பார்த்தால் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். நூலகரிடம் அதைச் சொன்னேன். "அவர் சொல்றது சரியாவே இருக்கலாம். ஆனா அது அவருக்குத் தெரியும். பக்கத்துல நிக்கிற புது நர்ஸுக்கு எப்படித் தெரியும்? அதை எழுதிவெச்சவங்க யாருன்னு பார்ப்போம்" என்றார். பார்த்தோம். முகம், கை, மெஷின் மூச்சோடு நோயாளி ஒத்துப்போகிறாரா என்று மூன்றையும் பார்த்து மதிப்பெண் போடும் முறையே இருக்கிறது. அந்தக் கட்டுரை எங்கள் கல்லூரியில் இல்லை. நூலகர் வேறொரு கல்லூரிக்கு எழுதி வரவழைத்துத் தந்தார். ஒரு கட்டுரை கிடைத்தால் அதன் கடைசியில் இருக்கும் மேற்கோள் பட்டியலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போக வேண்டும், யாரோடு யாருக்கு உறவு என்று விசாரிப்பது போல. அதையும் அவர்தான் காட்டினார்.

நேற்று மழை. எல்லோரும் போய்விட்டார்கள். எனக்காக நூலகத்தைப் பூட்டாமல் காத்திருந்தார், தன் பிளாஸ்கிலிருந்து டீயும் ஊற்றிக் கொடுத்தார். "உங்களுக்கு ஆராய்ச்சி மனசு இருக்கு. விட்டுராதீங்க" என்று சொன்னார். அந்த வார்த்தையை என்னிடம் யாரும் சொன்னதில்லை. அறைக்கு வந்து கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

டிரிப் ஏற்றும்போது பாடினால் என்ன? நோயாளிக்குப் பிடித்தால் சரி. எனக்குத்தான் அவள் என் இடத்தில் நிற்கிறாள் என்பது பிடிக்கவில்லை.

உங்கள்
சிஸ்டர்


வீடு,
ஆகஸ்ட் 5

சிஸ்டருக்கு,

யானை கிடைத்தது. அதற்குத் தும்பிக்கை சின்னதாக இருக்கிறது என்கிறாள்.

நான் சொன்னதை அவரிடம் எதற்குக் கொண்டுபோய்ச் சொன்னாய்? உனக்கு எழுதினால் அது நூலகம் முழுக்கப் போகுமா? நான் சொன்னது சரியாகவே "இருக்கலாம்" என்று அவர் சான்றிதழ் கொடுக்கிறாரா? வாயில் குழாய் போட்ட ஆளை அவர் ஒரு நாளாவது தொட்டுத் திருப்பிப் போட்டிருக்கிறாரா?

மழையில் காத்திருந்து டீ கொடுத்தாராம். அவருக்கு வீடு வாசல் இல்லையா? குடும்பம் இல்லையா? கல்லூரி அவருக்குச் சம்பளம் கொடுப்பது டீ ஊற்றவா?

யாரும் சொன்னதில்லை என்று எழுதியிருக்கிறாய். நீ படிக்கப் போக வேண்டும் என்று அக்காவிடமும் உன் அப்பாவிடமும் சண்டை போட்டது யார்? வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொல்லத் தெரிந்தவன் வந்ததும் செய்தவன் ஆள் கணக்கில் இல்லாமல் போய்விட்டான்.

இனிமேல் அந்த நூலகரைப் பற்றி எழுதாதே. வேறு எதை வேண்டுமானாலும் எழுது. அவரிடம் கேட்க வேண்டியதை நான் நேரிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

வாலுவின் அப்பா


விடுதி,
ஆகஸ்ட் 21

வாலுவின் அப்பாவுக்கு,

நீங்கள் போன வாரம் இங்கே வந்துவிட்டுப் போனீர்கள் என்று எனக்கு நேற்றுதான் தெரியும்.

நான் நோட்டைத் திருப்பித் தரப் போனபோது நூலகர், "உங்க வீட்டுக்காரர் ஊருக்கு நல்லபடியா போய்ச் சேர்ந்தாரா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவர் சொன்னதை எல்லாம் நின்றுகொண்டே கேட்டேன்.

மதியம் ஒருவர் சட்டையெல்லாம் கசங்கி, பஸ்ஸிலிருந்து இறங்கிய முகத்தோடு வந்தாராம். "நூலகரைப் பார்க்கணும்" என்றாராம். "நான்தான், சொல்லுங்க" என்று இவர் சொன்னதும், வந்தவர் இவரையும், இவருக்குப் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்றும் மாறி மாறிப் பார்த்தாராம்.

ஆமாம், நூலகர் ஒரு பெண். அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிறவர். முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியாது. பேரன் பேத்தி இருக்கிறார்கள். மரியாதைக்கு "அவர்" என்று எழுதினேன். அந்த ஒரு சொல்லுக்குள் நீங்கள் ஒரு ஆளையே உருவாக்கி மீசையும் வைத்துவிட்டீர்கள்.

"உட்காருங்க. என்ன தேடி வந்தீங்க?" என்று கேட்டாராம். நீங்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். பிறகு, "மயக்க மருந்துல இருக்கிறவங்களைத் திருப்பிப் போடுறோம். அப்ப அவங்களுக்கு வலிக்குமா? வலிக்கும்னா அதுக்கு முன்னாடியே ஏதாவது கொடுக்கணுமா? யாராவது பார்த்து எழுதியிருக்காங்களா?" என்று கேட்டீர்களாம். இருவரும் சேர்ந்து தேடினீர்களாம். கட்டுரைகளை அச்செடுத்துச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, நீங்கள் என் வீட்டுக்காரர் என்பதைச் சொல்லி, "நான் வந்ததை அவகிட்ட சொல்ல வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டு கிளம்பினீர்களாம். அவருக்கு எதையும் மறைத்து வைக்கத் தெரியாது.

நான் அந்த நேரத்தில் பக்கத்துப் படிப்பறையில்தான் உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர். அரை நாள் பஸ்ஸில் வந்து, என்னை வேவு பார்த்துவிட்டு, என்னையே பார்க்காமல் போயிருக்கிறீர்கள். சந்தேகப்பட்டது கூடப் பரவாயில்லை. தப்பு இல்லை என்று தெரிந்த பிறகும் என்னிடம் வராமல் போனீர்களே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இதற்கு உங்களிடம் உண்மையான பதில் இருந்தால் எழுதுங்கள். வாலு பேரில் எழுதாதீர்கள்.

சிஸ்டர்


வீடு,
செப்டம்பர் 18

அன்பு சிஸ்டருக்கு,

பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் வருத்தம் தெரிவித்து எழுதினால் அது பொய்யாக இருந்தது. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

கோபத்தோடுதான் வந்தேன். பஸ்ஸில் என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன். அந்த அம்மாவைப் பார்த்ததும் மனப்பாடம் எல்லாம் போய்விட்டது. அந்த நொடியில் நிம்மதி வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. வேறு எதுவோதான் வந்தது.

கண்ணாடி வழியே உன்னைப் பார்த்தேன். கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாய். ஒரு தாளைப் படித்துவிட்டு நீயாகச் சிரித்தாய். நம் வீட்டில் நீ அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு காலை ஊன்றி, எப்போது எழுந்து ஓடலாம் என்றுதான் உட்காருவாய். நாம் இரண்டு பேரும்தான் இந்தப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு எழுதினோம். பக்கத்துப் பக்கத்து பெஞ்சு. உனக்குக் கிடைத்தது. எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து நெஞ்சில் ஒரு முள். யாரோ ஒரு ஆம்பளை மேல் கோபம் என்றால் அதைத் தாங்கிக்கொள்வது சுலபம் போலிருக்கிறது. உன் மேல்தான் என்று தெரிந்ததும் உன் முன்னால் வந்து நிற்க முடியவில்லை.

அதனால்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். முதலில் சமாளிக்கக் கேட்டதுதான். அந்த அம்மா திரையைத் திருப்பி வைத்து, "இதுவா பாருங்க, இல்ல இதுவா?" என்று கேட்கக் கேட்க, பஸ்ஸையே மறந்துவிட்டேன்.

இங்கே வந்து என்ன நடந்தது என்று கேள். மூன்றாம் படுக்கையில் ஒரு லாரி டிரைவர், இடுப்பெலும்பு உடைந்தவர், வெண்டிலேட்டரில் இருந்தார். திருப்பிப் போடும்போது இந்தத் தடவை நெற்றியை மட்டும் பார்க்காமல் கட்டுரையில் சொன்னபடி கையையும் பார்த்தேன். நெற்றி அசையவில்லை. விரல்கள் மடங்கிக்கொண்டன, ஒவ்வொன்றாக. டாக்டரிடம் போய், அடுத்த தடவை திருப்புவதற்கு முன்னால் வலி மருந்து எழுதித் தாருங்கள் என்றேன். "அவரே மயக்கத்துல இருக்காரு, உங்களுக்கு என்ன பிரதர் புதுசா?" என்றார். கட்டுரையைக் கொடுத்தேன். அதை நடந்துகொண்டே படித்தார். மறுநாள் எழுதிக் கொடுத்தார். மருந்து வேலை செய்யும்வரை பொறுத்துத் திருப்பினோம். விரல் மடங்கவில்லை.

நேற்று குழாயை எடுத்தார்கள். முதலில் தண்ணீர் கேட்டார். அடுத்து, "என் வண்டி எங்கே?" என்றார்.

நூலகரம்மாவுக்கு எழுதி இன்னும் சில கட்டுரைகள் கேட்டிருந்தேன். அனுப்பிவிட்டார்.

உன்
பிரதர்


விடுதி,
அக்டோபர் 4

அன்புள்ள பிரதருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் அழுதேன். டிரைவர் பேசினாரே என்று சந்தோஷப்பட்டேன். அதற்கு அப்புறம் வந்ததையும் எழுதிவிடுகிறேன், நீங்கள் மட்டும்தான் உண்மை எழுதுவீர்களா?

நூலகர் இப்போது என்னைக் கண்டால் உங்களைத்தான் விசாரிக்கிறார். "பிரதர் கிட்டேர்ந்து மெயில் வந்துச்சு." "பிரதர் நல்லா ஒண்ணு கேட்டிருந்தாரு." நான் அவருடைய மேசைக்கு எதிரில், அவர் சொல்லிக் கொடுத்தபடி காய் நறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர் உங்களுக்காகக் கட்டுரை தேடிக்கொண்டிருக்கிறார். போன திங்கட்கிழமை பிளாஸ்கைத் திறந்தவர், உங்கள் மெயிலைப் படித்துக்கொண்டே தான் மட்டும் டீ குடித்தார். நான் அங்கே இருப்பதே மறந்துவிட்டது. சிரிக்காதீர்கள்.

பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன், "என் தலைப்பைவிட அவர் கேட்டது நல்லதா மேடம்?" என்று. அவர் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் சொன்னார், "நீங்க கேட்டது தலைப்புமா. அவர் கேட்டதுதான் கேள்வி."

வீட்டை விட்டு, குழந்தையை விட்டு, குறட்டைக்குத் திட்டு வாங்கிக்கொண்டு, இத்தனை மாதமாகத் தேடுகிறேன். நீங்கள் என் மேல் சந்தேகப்பட்டு ஒரு மதியம் வந்து, ஒரு கேள்வியை வழியில் அகப்பட்டது போல எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். கைடு மேடமும் கேட்டுவிட்டு, "இதையே எடுத்துக்கோங்க, உங்க வீட்டுக்காரர் கேள்விதானே, வேற யார் கேட்கப்போறா" என்கிறார். எடுத்துக்கொள்ளலாமா? கேட்கவே நாக்கு கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

இன்னொரு செய்தி. படிப்பு முடிந்ததும் இங்கேயே ஆசிரியையாக இருக்கச் சொல்கிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். ஆனால் நீங்கள் வேண்டாம் என்று எழுதினால், அதை என்னால் மறக்க முடியாது. இதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். மறைத்து வைத்துப் பிறகு ஒரு நாள் குத்திக் காட்ட எனக்கு இஷ்டமில்லை.

உங்கள்
சிஸ்டர்


வீடு,
அக்டோபர் 13

அன்பு சிஸ்டருக்கு,

முதல் கேள்விக்கு முதலில் பதில். தர மாட்டேன்.

வேறு எதைக் கேட்டாலும் தந்திருப்பேன், தந்தும் இருக்கிறேன். வார்டில் நான் சொன்ன எதையும் யாரும் எழுதி வைத்ததில்லை. நான் கேட்ட ஒன்றை, கேட்கத் தகுந்தது என்று ஒருவர் சொன்னது இதுதான் முதல் தடவை. அதை உனக்குக் கொடுத்துவிட்டால் பெரிய மனது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அவ்வளவு பெரிய மனது கிடையாது. கொடுத்துவிட்டு, ஒவ்வொரு சண்டையிலும் அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டே இருப்பேன். உன் தலைப்பே உனக்குப் போதும். வலி இருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்று நீ தேடு. தெரிந்த பிறகு என்ன செய்வது என்று நான் தேடுகிறேன். எது பெரியது என்று அந்த அம்மா ஓய்வு பெறுவதற்குள் சொல்லட்டும்.

இரண்டாவது கேள்வி. அந்த வேலையை ஒத்துக்கொள். பொறாமை தீர்ந்துபோய் இதை எழுதவில்லை. பொறாமையோடுதான் எழுதுகிறேன். நீ மேடையில் நின்று பாடம் எடுப்பாய், நான் வார்டில் சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டிருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. எரியட்டும். அதற்காக நீ எழுந்து ஓடத் தயாராக ஒரு காலை ஊன்றி உட்கார வேண்டாம்.

நீ படிக்கும் ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் ஐசியுவுக்கு ஆள் எடுக்கிறார்கள். நேற்று அவர்களிடம் போனில் பேசிவிட்டேன். இந்தத் தடவை உன்னிடம் சொல்லிவிட்டேன், வேவு பார்க்க வருவதாக நினைக்காதே. ஜனவரியில் சேரச் சொல்கிறார்கள். வாலுவின் பள்ளியில் மாற்றுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. புதுப் பள்ளியில் யானை வரையத் தெரிந்த டீச்சர் வேண்டும் என்று இப்போதே நிபந்தனை போடுகிறாள். விடுதியை விட்டு வந்துவிடு. ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் நடுவில் இரண்டு அறை வீடு பார். இரண்டு மேசை போட இடம் இருக்கட்டும். ஒரே மேசை ஒத்து வராது. அடுத்த தேர்வுக்கும் பணம் கட்டிவிட்டேன்.

அக்காவுக்குத்தான் மனது ஆறவில்லை. நேற்று வாலுவின் பாவாடைக்கு விளிம்பு தைத்துக்கொண்டே, "ஏண்டா, பொண்டாட்டி பின்னாடியே போறியாடா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா" என்றேன். "பின்னாடி போனாத்தானே முந்த முடியும்."

உன்
பிரதர்